குறுக்குக் கம்பி

அசையாமல் உட்காருங்கள் என்று யாராவது சொன்ன பிறகுதான் உடம்பில் எங்கெங்கே அரிக்கும் என்பது நமக்கே தெரியவரும். வீட்டின் இளைய மருமகள் சின்னவளுக்கு முதலில் மூக்கு நுனி அரித்தது, அப்புறம் இடது பாதம், அப்புறம் பொதுவாக எல்லாமே. மாடி அறையின் நடுவில் டிபன் பெட்டி அளவுக்குச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று மூன்று குட்டைக் கால்களில் நின்றது. அதன் பக்கத்தில் இன்ஜினியர் பெண் மடியில் கணினியை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோர நாற்காலியில் சின்னவளின் கணவர், பஸ் டிரைவர், இடித்த புளி மாதிரி இருந்தார். பன்னிரண்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவரை இப்படிப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்களே என்ற கடுப்பு அவர் காதோரம் தெரிந்தது.

"வீடு சும்மா நிக்குதுன்னு நாம நினைக்கிறோம் அக்கா" என்று இன்ஜினியர் பெண் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். "அது நிக்காது. காத்து அடிச்சா, ரோட்டுல வண்டி போனா, கண்ணுக்குத் தெரியாம ஆடிக்கிட்டே இருக்கும். இந்தப் பெட்டி அந்த ஆட்டத்தைத்தான் கேக்குது. நீங்க நடந்தா வீட்டை விட்டுட்டு உங்களைக் கேக்க ஆரம்பிச்சிடும்." போன வருடம் பக்கத்து மாவட்டத்தில் நிலம் கொஞ்சம் குலுங்கியதிலிருந்து இந்தப் பழைய நகரத்தின் தெருக்களில் ஒவ்வொன்றாக ஆட்கள் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த வீடு தாங்கும், எது தாங்காது என்று பார்த்து, வாசல் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டம் வைத்துவிட்டுப் போவார்கள். சிவப்பு வீடுகளைப் பலப்படுத்தும் ஆட்கள் பின்னாலேயே வருவார்கள், காசு கிடையாது. ஒரு தெருவை முடித்துவிட்டு நகர்ந்தால் திரும்பி வரமாட்டார்கள்.

இதே மாதிரி இன்னொரு பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது மூத்தவர் வீடு, டிரைவரின் அண்ணன் வீடு, தெருவின் மூலை வீடு. ஒரே வீடாக இருந்ததுதான். ஒருநாள் நடுவில் செங்கல் சுவர் எழும்பி இரண்டாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருடம் ஆகிறது. பேசாமல் இருப்பதிலும் ஒரு பழக்கம் வந்துவிடும் போல. ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வானத்தில் ஏதாவது தெரியும்.

அறை அப்படியே உறைந்து கிடந்த அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பில் துணி இறுகுகிற முனகல் அது. ஒரு தடவை. சற்று விட்டு, இன்னும் அழுத்தமாக இன்னொரு தடவை. சின்னவளுக்கு அரிப்பெல்லாம் போய்விட்டது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். இன்ஜினியர் பெண் திரையைப் பார்த்து முகம் சுளித்து, செல்போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அவளுடைய உதவியாள் இருந்தான். "யாருப்பா ஆடினது? ... சரி, பரவாயில்லை. அவங்க உக்காந்ததும் மறுபடி ஆரம்பிக்கலாம்." போனை வைத்துவிட்டு, "அந்தப் பக்கத்துல ஒரு பொண்ணு பட்டையைப் பிடிச்சு எந்திரிச்சாளாம்" என்றாள்.

மைனா. வாய் ஓயாமல் பேசுகிற குழந்தைக்கு வீட்டில் வைத்த பெயர். மூத்தவரின் ஒரே பெண், பிறவியிலேயே கால்களில் பலம் இல்லை. பெரியவள், அதாவது மூத்தவரின் மனைவி, கீழே கடையில் உட்கார்ந்தால் இரவுதான் எழுந்திருப்பாள். அதனால் அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிச் சுமந்து வளர்த்ததெல்லாம் சின்னவள்தான். தன் மகன் தானாகத் தவழ்ந்து, தானாக நடந்து, தானாக வெளியூருக்கு வேலைக்கும் போய்விட்டான். அவனை வளர்த்தது அவளுக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. மைனாவை வளர்த்தது முதுகெலும்பில் இருக்கிறது. பத்து வயதில் அவளைத் தூக்க முடியாமல் போனபோது, மாடியில் வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தலைக்கு மேலே ஓடிய இரும்புக் கம்பியில் சின்னவள்தான் பயணப் பெட்டி கட்டுகிற துணிப் பட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். "பிடிச்சு இழு, பாப்போம்" என்றாள். முதல் இழுப்பில் உட்கார வேண்டும், இரண்டாவது இழுப்பில் நிற்க வேண்டும். அன்றைக்கு மைனா நின்றுவிட்டு, சித்தி, நான் உயரமா இருக்கேனே என்று வியந்தாள். அந்தப் பட்டை இன்னும் இருக்கிறது என்பதைச் சின்னவள் இப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

இன்ஜினியர் பெண் ஒரு மாதிரியாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அந்தப் பொண்ணு எந்திரிச்சப்போ அங்க இருக்கிற பெட்டி துள்ளிடுச்சு. இங்க இருக்கிற பெட்டிக்குக் காதே கேக்கலை. ஒரே வீடுன்னா கொஞ்சமாவது கேக்கணுமே." எழுந்து நடுச்சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் ஒரு கம்பி இருக்கு, மூலைச் சுவத்துக்கு வெளியில அதுக்கு இரும்புத் தகடு கூட இருக்கு. இந்தப் பக்கம் கம்பி எங்க?"

தெருவிலிருந்து பார்த்தால் மூலைச் சுவரில் கூட்டல் குறி போல ஒரு துருப்பிடித்த தகடு தெரியும். மைனா அதை வீட்டோட பொத்தான் என்பாள். பொத்தானுக்கு நூல் உள்ளே ஓடுகிறது என்பதை யாரும் யோசித்ததில்லை.

"அறுத்துட்டேன்" என்றார் டிரைவர், கூச்சப்படாமல். "பாகம் பிரிச்சாச்சு. அவங்க கம்பி எங்க வீட்டுக்குள்ள எதுக்கு நீட்டிக்கிட்டு இருக்கணும்?"

அந்த நாள் சின்னவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நடுச்சுவர் எழும்பிய வாரம். மூலைப் பாகம், இரண்டு தெருவுக்கும் கதவு வைத்த பாகம், சீட்டுக் குலுக்கியதில் அண்ணனுக்குப் போய்விட்ட எரிச்சலில் இருந்தார் மனிதர். ஏணி போட்டு ஏறி, இரம்பத்தால் சுவரை ஒட்டி அறுத்தார். பாதி அறுப்பதற்குள்ளேயே துப்பாக்கி வெடித்த மாதிரி டமாரென்று கம்பி தெறித்தது. ஏணியிலிருந்து விழாமல் தப்பியது அவருடைய நல்ல நேரம். அந்தப் பக்கம் காரை பொலபொலவென்று கொட்டியது. வேண்டுமென்றே சுவரை இடிக்கிறார்கள் என்று பெரியவள் கத்தினாள். இவள் பதிலுக்குக் கத்தினாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, ஒரு கம்பியால் அன்றைக்கு வந்த சண்டையில் மிச்சமிருந்த பேச்சும் நின்றது. சாயங்காலங்களில் மைனா மட்டும் கொஞ்ச நாள் நடுச்சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒருமுறைகூடத் திருப்பித் தட்டவில்லை. கணவர் வீட்டில் இருந்தார், அதுதான் காரணம். அவர் வீட்டில் இல்லாத நாட்களிலும் தட்டவில்லை, அதற்குக் காரணம் அவளுக்கே தெரியவில்லை. பிறகு தட்டுவது நின்றுவிட்டது.

இன்ஜினியர் பெண் வெளியே போய் மூலைச் சுவரை அண்ணாந்து பார்த்து, விரிசலைப் படம் பிடித்து, அளந்து, மறுபடி மேலே வந்தாள். முகம் முன்பு மாதிரி இல்லை.

"சார், நீங்க பஸ் ஓட்டுறீங்க, உங்களுக்குச் சொன்னா புரியும். கூட்டத்துல நெருக்கி நிக்கிறவங்களுக்கு, பிரேக் போட்டா ஒண்ணும் ஆகாது. ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு நின்னுக்குவாங்க. கதவுகிட்ட ஓரமா நிக்கிறவர்தான் கம்பியைப் பிடிக்கணும். இந்தத் தெருவுல எல்லா வீடும் ஒட்டி ஒட்டித்தான் நிக்குது. உங்க வீட்டுக்கு இந்தப் பக்கம் பக்கத்து வீடு, அந்தப் பக்கம் உங்க அண்ணன் வீடு. உங்களுக்குப் பயமில்லை. மூலை வீடுதான் கதவுகிட்ட நிக்குது. அந்த மூலைச் சுவத்தை இழுத்துப் பிடிச்சிருந்த கம்பியைத்தான் நீங்க அறுத்திருக்கீங்க. விரிசல் கீழ நூல் மாதிரி இருக்கு, மேல போகப் போக விரல் நுழையுது. சுவர் வெளிய சாயுதுன்னு அர்த்தம். போன வருஷம் வந்த மாதிரி சின்னதா ஒண்ணு இங்க வந்தாலே போதும், அது தெருவுல கிடக்கும்."

"அது பஸ் போற அதிர்வுல வந்த விரிசல்னு அவர் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு" என்றார் டிரைவர். அந்த வழித்தடத்தில் பஸ் ஓட்டுகிறவர் அவர்தான். அண்ணன் வருடா வருடம் சிமெண்ட் பூசுவதும், பூசிவிட்டுத் தெருவில் நின்று பஸ்காரர்களைத் திட்டுவதும் அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. "எனக்கு ஆபத்து இல்லைன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் எதுக்கு நான் என் அறையை உடைக்கணும்?"

"புதுக் கம்பியை இந்தப் பக்கத்துல இருந்துதான் சேக்க முடியும், சார். பழைய முனை உங்க சுவத்துப் பூச்சுக்குள்ளதான் இருக்கு."

"அப்போ அவரு வந்து கேக்கட்டும்."

"அவர்கிட்டயும் சொன்னேன். அவன் வாசல்ல போய் நிக்கிறதுக்கு என் சுவர் விழுந்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டாரு."

டிரைவர் முகத்தில் ஒரு திருப்தி வந்து போனது. பிறகு அது தனக்கே பிடிக்காதது போல, தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இன்ஜினியர் பெண் தயங்கித் தயங்கிப் படியிறங்கினாள். "அந்தப் பொண்ணோட கட்டில் அந்தச் சுவத்தை ஒட்டித்தான் கிடக்கு, அக்கா" என்று மட்டும் சொன்னாள். மூலை வீட்டு வாசலில் அவள் வைத்துவிட்டுப் போன சிவப்பு வட்டத்தை மூத்தவர் சாயங்காலத்துக்குள் தேய்த்து அழித்துவிட்டார். டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டால் காய்ச்சல் இறங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மறுநாள் காலையில் காய்கறிக் கடையில் சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பார்த்ததும் வழக்கப்படி வெங்காயக் கூடைக்குள் குனிந்துகொண்டாள். குனிந்தவள் நிமிர்ந்தாள். அந்த நிமிர்வுக்கு அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அக்கா."

பெரியவள் தக்காளியை அழுத்திப் பார்ப்பதை நிறுத்தவில்லை. தலைமுடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. இது எப்போது நடந்தது என்று சின்னவள் திகைத்தாள்.

"மைனாவோட கட்டிலை அந்தச் சுவத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கக்கா. நடுவுல போட்டுடுங்க."

"ஏழு வருஷம் கழிச்சு, கட்டிலை எங்க போடணும்னு சொல்ல வந்துட்டியா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பட்டை அங்கதான் தொங்குது. அவ கைக்கு அதுதான் எட்டுது. நீ கட்டின பட்டை. கம்பி கொஞ்சம் தொங்கிப்போச்சு, அதனால இன்னும் சுலபமா எட்டுதாம், அதுக்கும் உன்னைத்தான் சொல்லிச் சிரிக்குறா. வேற இடத்துல கட்டித் தரேன்னா கேக்க மாட்டேங்குறா. சித்திக்குத்தான் முடிச்சு போடத் தெரியுமாம்."

சொல்லிவிட்டு, எடுத்த தக்காளியையெல்லாம் கூடையிலேயே போட்டுவிட்டு நடந்தாள். சின்னவள் அங்கேயே நின்றாள். கடைக்காரர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் என்ன வேண்டும் என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அப்படியும் தவறான காயை வாங்கிக்கொண்டு வந்தாள். கம்பி தொங்குகிறது என்றால் அது சுவரைத் துளிகூடப் பிடித்திருக்கவில்லை. அந்தப் பெண் தினமும் காலையில் தன் முழுப் பாரத்தையும் போட்டு அதை இழுக்கிறாள். நான் கட்டிக்கொடுத்த பட்டையில், என் வீட்டுக்காரர் அறுத்துவிட்ட கம்பியில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். தனக்கு இத்தனை நாள் ஒரு பக்கமும் இடி விழவில்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பலப்படுத்தும் ஆட்கள் தெருவின் முதல் வீடுகளை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். அந்த வார இறுதியில் இன்ஜினியர் பெண் மறுபடி கதவைத் தட்டினாள். டிரைவருக்கு அன்று விடுமுறை, பனியனோடு உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். "கடைசியா ஒரு தடவை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். நாளையோட இந்தத் தெருவை முடிச்சுட்டு அடுத்த தெருவுக்குப் போறோம்" என்றாள்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்மா."

"நான் வந்தது அக்காவைக் கேக்கறதுக்கு, சார். நகராட்சிப் பதிவுல இந்தப் பாகம் அவங்க பேர்லதான் இருக்கு."

டிரைவர் ரேடியோவை நிறுத்தினார். அண்ணன் கோர்ட்டுக்குப் போனாலும் போவார், தன் பேரில் இருந்தால் வம்பு என்று அந்த நாளில் யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு மனைவி பேரில் எழுதி வைத்தவர் அவர்தான். அண்ணன் கோர்ட்டுக்குப் போகவே இல்லை. பேருக்குத்தான் அவள் பேரில் வீடு. அது அவருக்கும் மறந்திருந்தது, அவளுக்கும் மறந்திருந்தது. சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க கையெழுத்து போடணும்?"

"ஏய்" என்றார் டிரைவர். "என்னைக் கேக்காமலா?"

"நீங்கதானே சொன்னீங்க, வந்து கேக்கட்டும்னு. கேட்டாச்சு."

"யாரு கேட்டா? அண்ணனா?" கோபத்தில் சொல்லிவிட்ட அந்தச் சொல் அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும், ஏழு வருடமாக அந்த ஆள், அவரு என்றே ஓட்டிவந்தவர். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"மைனா கேட்டா. ரொம்ப நாள் சுவத்தைத் தட்டித் தட்டிக் கேட்டா. நாம ரெண்டு பேரும் இந்த அறையிலதான் உக்காந்திருந்தோம்."

சின்னவள் கையெழுத்துப் போட்டாள். பழக்கமில்லாத கை, பாதிப் பெயரில் பேனா நின்றது. டிரைவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாப்பாட்டுக்கு வரவில்லை. தனக்குப் பயமாக இருக்கிறதா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள், பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆட்கள் வந்து நடுச்சுவரின் பூச்சைக் கொத்தினார்கள். கொஞ்சம் கொத்தியதுமே அறுபட்ட முனை தெரிந்தது, துருவேறி, சொத்தைப் பல் மாதிரி. அதைச் சுற்றிப் பெரிதாகத் துளையிட்டு, பழைய முனையோடு புதுக் கம்பியைப் பற்றவைத்து, அறையின் குறுக்கே கொண்டுபோய், பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரில் பெரிய தகடு வைத்து முடுக்கினார்கள். நடுவில் இறுக்குவதற்கு ஒரு திருகு இருந்தது. அந்த நேரத்தில் டிரைவர் மாடிக்கு ஏறிவந்தார். அவர் ஷிப்டுக்குப் போகவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவருகிலேயே நின்றார். இன்ஜினியர் பெண் சொல்லச் சொல்ல ஒருவர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். கம்பி தொய்வு நீங்கி நேரானது. வீட்டின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது, எங்கேயோ காரை உதிர்ந்தது.

"டேய்!" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூத்தவரின் குரல், வயதாகிவிட்ட குரல். "டேய், என்னடா இடிக்கிறீங்க அங்க?"

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். அவர் வாய் திறந்தது. துளைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இடிக்கலை" என்றார். பக்கத்தில் நின்ற சின்னவளுக்கே பாதிதான் கேட்டது. அந்தப் பக்கம் நிச்சயம் கேட்டிருக்காது. சற்று நேரம் பதிலுக்குக் காத்திருப்பவர் போல நின்றார். பிறகு திருகு சுற்றுகிறவரிடம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?" என்று கேட்டார். "போதும் சார், ரொம்ப இறுக்கினாலும் தப்பு" என்றாள் இன்ஜினியர் பெண். மூலை வீட்டு வாசலில் புதிதாக ஒரு மஞ்சள் வட்டம் வைத்துவிட்டு, பச்சை வைக்க இன்னும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த தெருவுக்குப் போனாள். அந்த மஞ்சளை யாரும் அழிக்கவில்லை. அழிக்காததற்குச் சின்னவள் பெரிதாக எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளவில்லை. மூத்தவருக்கு முதுகுவலியாகவும் இருக்கலாம்.

இரவு இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள், பேசாமல் படுத்தார்கள். கட்டிலுக்கு நேர் மேலே கம்பி ஓடியது. சுவரில் அது நுழைகிற இடத்தில் கொத்திய பூச்சு இன்னும் பூசப்படாமல் செங்கல் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடியும் நேரத்தில் சின்னவளுக்கு விழிப்பு வந்தது. ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறமாக ஏறிக்கொண்டிருந்தது. எதனால் விழித்தோம் என்று தெரியாமல் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கம்பி அதிர்ந்தது. தட்டிவிட்ட மாதிரி ஒரு சின்ன அதிர்வு, முழு நீளத்துக்கும் ஓடிவந்து நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அசையாமல் இருங்கள் என்று இப்போது யாரும் சொல்லவில்லை.

"உக்காந்துட்டா" என்றார் டிரைவர்.

அவர் தூங்கவில்லை. மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படிக் கிடக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கை போர்வைக்கு வெளியே வந்து, மேல்நோக்கிக் கொஞ்சம் எழும்பி, எட்டாமல், அப்படியே நின்றது. இரண்டு பேரும் அடுத்த இழுப்புக்காகக் காத்திருந்தார்கள்.